தூக்கி அடிக்கிறதுக்கு முன்னாடி தண்ணிய பாருங்க: கரையில நின்னு கடல் மீன் புடிக்கிற வழி

மொத மொதல்ல 12 அடி ராடு ஒண்ணு வாங்கிட்டு கோவளம் கடற்கரைக்கு போன அன்னிக்கு எனக்கு ஒரே குறிதான், எவ்ளோ தூரம் போகுமோ அவ்ளோ தூரம் வீசணும். 150 கிராம் ஈயத்த கட்டி, இடுப்ப வளச்சு, மூச்ச புடிச்சு வீசுறேன், ஈயம் அலை உடையுற இடத்தெல்லாம் தாண்டி எங்கயோ போய் விழுது, எனக்கு பெருமை தாங்கல. 3 மணி நேரம் ஆச்சு, ஒரு கடி கூட இல்ல. பக்கத்துல படகு நிழல்ல உக்காந்து வலை தச்சுட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் ரொம்ப நேரமா பாத்துட்டு பொறுக்க முடியாம சொன்னாரு, "இன்னாத்துக்கு நைனா அவ்ளோ தூரம் தூக்கி அடிக்கிற, மீனு உன் காலாண்ட மேயுது." சொன்னதோட நிக்கல, எழுந்து வந்து என் ஈயத்த கழட்டி பையில போட்டாரு, சின்ன முள்ளு ஒண்ணு கட்ட சொன்னாரு, விரல் நகம் அளவுக்கு இறால் துண்டு, மொத அலைக்கு பின்னாடி சும்மா 20 அடி தூரத்துல போட சொன்னாரு. 5 நிமிஷத்துல கிழங்கான். அடுத்தது இன்னொண்ணு. அன்னிக்கு 11 கிழங்கான், அத்தனையும் முட்டி அளவு தண்ணியில.

அதனால கரையில நின்னு மீன் புடிக்க வர்றவங்களுக்கு நான் சொல்றது இதான், ராடு ரீல் லூர் (மீன ஏமாத்துற பொய் இரை) எல்லாம் அப்புறம், மொதல்ல தண்ணிய பாக்க கத்துக்கணும். சென்னைய சுத்தி, அதாவது பழவேற்காடுல இருந்து முட்டுக்காடு கோவளம் வரைக்கும் இருக்குற கரைய வச்சுதான் எழுதுறேன், எனக்கு தெரிஞ்ச தண்ணி அதான், ஆனா கடலூர் பக்கமோ தூத்துக்குடி பக்கமோ இருக்குறவங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும்.

தண்ணிய எப்படி பாக்குறது

கடற்கரைக்கு போனதும் ராட எடுக்காதீங்க. மணல் மேடா இருக்குற இடத்துல ஏறி நின்னு 10 நிமிஷம் சும்மா பாருங்க. அலை எங்க வெள்ளையா உடையுதோ அங்க அடியில மணல் திட்டு இருக்கு. திட்டுக்கும் கரைக்கும் நடுவுல அலை அடங்கி கொஞ்சம் கரும்பச்சையா ஒரு பட்டை ஓடும், அதான் பள்ளம், மீன் நடமாடுற ரோடு அது. நம்மள மாதிரி புதுசா வர்றவங்க எல்லாரும் அந்த ரோட்ட தாண்டி திட்டு மேல கொண்டு போய் இரைய போடுறோம்.

பள்ளத்துல மீன் ஏன் வருதுன்னா சாப்பாடு அங்கதான் இருக்கு. அலை வந்து திரும்புற ஈர மணல்ல காலை வச்சு தோண்டி பாருங்க, முட்டை வடிவத்துல சாம்பல் கலர்ல ஒரு பூச்சி சட்டுன்னு பின்பக்கமா மணலுக்குள்ள இறங்கும், எலிப்பூச்சின்னு சொல்லுவாங்க, நிஜத்துல அது நண்டு வகை. ஒவ்வொரு அலையும் அத கொஞ்சம் கொஞ்சமா பேத்து எடுத்து பள்ளத்துக்குள்ள தள்ளிட்டே இருக்கும், கீழ பாறை மீன் குட்டியெல்லாம் காத்துட்டு இருக்கும். அதனால கடையில இறால் வாங்காம போயிட்டாலும் கவலை இல்ல, இரை காலுக்கு கீழயே இருக்கு.

இன்னொரு விஷயம், நீளமா வெள்ளையா உடையுற அலை வரிசையில ஒரே ஒரு இடத்துல மட்டும் அலை உடையாம, நுரையும் கலங்கல் மணலும் கடல் பக்கமா வெளிய போயிட்டு இருக்கும். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்பி போற வாசல் அது. அந்த வாசலோட ரெண்டு ஓரத்துலயும் மீன் நிக்கும், அங்க போடுங்க, நல்லா அடிக்கும். ஆனா அதே வாசல்தான் ஆள இழுத்துட்டு போறதும், பாக்க அமைதியா இருக்கேன்னு குளிக்கிறவங்க சரியா அங்கதான் போய் இறங்குவாங்க. முட்டிக்கு மேல தண்ணியில இறங்காதீங்க. தப்பித்தவறி இழுத்துச்சுன்னா கரைய பாத்து நேரா எதிர்த்து நீந்தாம கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும், இழுப்பு அகலம் கம்மிதான்.

ஏத்தம் வத்தம்

தண்ணி ஏற சுமார் 6 மணி நேரம், வத்த சுமார் 6 மணி நேரம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளி போகும். இன்னிக்கு காலைல 6 மணிக்கு தண்ணி முழுசா ஏறிச்சுன்னா நாளைக்கு 7 மணிக்கு கிட்ட. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி வர்ற நாள்ல ஏத்தமும் ஜாஸ்தி வத்தமும் ஜாஸ்தி, அஷ்டமி பக்கம் தண்ணி சோம்பேறியா கிடக்கும். சென்னையில பெரிய ஏத்தம்னாலே ஒரு மீட்டர் கிட்டதான், குஜராத் பக்கம் மாதிரி கடல் மைல் கணக்குல உள்ள போயிட்டு வராது, அதனால நம்ம ஆளுங்க நிறைய பேரு "இங்க டைட் எல்லாம் பாக்க தேவையில்ல ப்ரோ"ன்னு சொல்லுவாங்க. நேர் கடற்கரையில அது ஓரளவு சரி. மொகத்துவாரத்துல சுத்தமா தப்பு, அந்த ஒரு மீட்டர் தண்ணி முழுசும் ஒரு சின்ன வாய் வழியா போயிட்டு வரணும்ல.

தண்ணி ஓடணும், அதான் முக்கியம், ஏறுதா வத்துதான்றது ரெண்டாவது. முழுசா ஏறி நிக்கிற நேரமும் முழுசா வத்தி நிக்கிற நேரமும் டீ குடிக்கிற நேரம். என் அனுபவத்துல கடற்கரையில ஏத்தத்தோட கடைசி 2 மணி நேரம் நல்லது, மொகத்துவாரத்துல வத்தத்தோட மொத 2, 3 மணி நேரம். ஏன்னா தண்ணி வத்தும்போது உள்ள கழிவெளியில இருக்குற இறால், மடவை குஞ்சு, பொடி மீன் எல்லாத்தையும் தண்ணி வெளிய இழுத்துட்டு வரும், கொடுவா மீன் அந்த மொகத்துவார வாயில நின்னுகிட்டு வர்றத வாங்கிக்கும். அது ஏன் நீந்தி அலையணும், நீங்களும் ஏன் அலையணும்.

முட்டுக்காடு, அடையாறு மாதிரி சின்ன மொகத்துவாரங்க வெயில் காலத்துல மணல் மூடி அடைச்சுக்கும். மழை வந்து உடைச்சுகிட்டு போற முதல் நாள்ல தண்ணி டீ கலர்ல செடி செத்தை எல்லாம் அடிச்சுட்டு வரும், அப்போ லூர் வீசுறது வேஸ்ட். ஒரு வாரம் விட்டு, தண்ணி கொஞ்சம் தெளிஞ்சு பச்சையாகும்போது போங்க. கடல் தண்ணியும் கலங்கல் தண்ணியும் சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியும், அந்த கோட்டு மேல வீசுங்க.

காத்து பத்தி ரெண்டு வார்த்தை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காலைல கச்சான் காத்து மேற்குல இருந்து, நமக்கு முதுகுக்கு பின்னாடி இருந்து அடிக்கும், கடல் தட்டு மாதிரி இருக்கும், லேசான லூர் கூட பறக்கும், மதியத்துக்கு மேல கடல் காத்து திரும்பிடும். அக்டோபர் நவம்பர் டிசம்பர்ல வாடையும் கொண்டலும் மூஞ்சிலயே அடிக்கும், கடல் கலங்கி கிடக்கும், அப்போ கடற்கரைய விட்டுட்டு பழவேற்காடு மாதிரி உள் தண்ணிக்கு போறது புத்திசாலித்தனம். ஜனவரில இருந்து தண்ணி தெளிய ஆரம்பிக்கும், லூர் புடிக்கிறவங்களுக்கு அது பண்டிகை.

தூண்டில் வளைவுல நின்னு தூண்டில்

கடல் அரிப்ப தடுக்க கல்லு கொட்டி கடலுக்குள்ள நீட்டி விட்டிருக்காங்கல்ல, அதுக்கு கவர்மெண்ட் வச்ச பேரே தூண்டில் வளைவுதான், யாரு வச்சாங்களோ நம்மள நெனச்சுதான் வச்சிருப்பாங்கன்னு நான் நெனச்சுக்குவேன். காசிமேட்டுக்கு வடக்க எண்ணூர் வரைக்கும் வரிசையா இருக்கு. கல்லு இடுக்குல நண்டு, பொடி மீன், அதைத் தேடி செப்பிலி, களவா, கொடுவா. இங்கயும் அதே பாடம்தான், எல்லாரும் கல்லு நுனியில போய் நின்னு நடுக்கடல பாத்து வீசுவாங்க, மீன் அவங்க நிக்கிற கல்லுக்கு அடியில இருக்கும். கல்லுக்கு இணையா, ஓரமா வீசி இழுத்து பாருங்க. கல்லோட எந்த பக்கம் நீவாடு (கடல் நீரோட்டம்) வந்து மோதுது, எந்த பக்கம் சுழிச்சு அடங்குதுன்னு பாத்துட்டு, மோதுறதுக்கும் அடங்குறதுக்கும் நடுவுல இருக்குற ஓரத்துல போடுங்க.

செருப்பு போட்டு ஏறாதீங்க, வெறுங்கால் அத விட மோசம். தண்ணி படுற உயரம் வரைக்கும் கல்லுல பாசியும் கொட்டலசும் இருக்கும், பாசி வழுக்கும், வழுக்கி கைய ஊனினா கொட்டலசு கைய சீவிடும். எனக்கு இடது உள்ளங்கையில இன்னும் தழும்பு இருக்கு, 6 தையல், அன்னிக்கு மீன் கூட கிடையாது. அடிப்பாகம் சொரசொரன்னு இருக்குற பழைய கான்வாஸ் ஷூ போதும். கருப்பா ஈரமா இருக்குற கல்லுல கால் வைக்காதீங்க, அது ஈரமா இருக்குன்னா அலை அங்க வரைக்கும் வந்துட்டு போயிருக்குன்னு அர்த்தம், திரும்பவும் வரும்.

சாமான்

ஒரே ஒரு செட் வாங்கணும்னா 8ல இருந்து 9 அடி ஸ்பின்னிங் ராடு, 15ல இருந்து 40 கிராம் வரைக்கும் வீசுற மாதிரி, கூட 4000 சைஸ் ரீல். ஷிமானோ, டைவா மாதிரி கம்பெனிகளோட ஆரம்ப மாடலே போதும். 20 எல்பி (பவுண்டு) பிரெய்டு, அதாவது பின்னின நரம்பு, ஏத்திக்கோங்க. பிரெய்ட நேரா ஸ்பூல்ல சுத்தினா மொத்த நரம்பும் ஸ்பூல் மேல வழுக்கி சுத்தும், மீன் இழுக்கும்போதுதான் தெரியும், அதனால அடியில ஒரு 10, 15 சுத்து சாதா நைலான் நரம்ப, அதாவது நம்ம தங்கூஸ், சுத்திட்டு அது மேல பிரெய்ட கட்டுங்க. முனையில ஒரு ஆள் உயரத்துக்கு 30ல இருந்து 40 எல்பி லீடர், அதாவது தடிச்ச நரம்பு. லீடர் எதுக்குன்னா பிரெய்டு இழுக்குறதுக்கு பயங்கர பலம், ஆனா கல்லுல கொட்டலசுல ஒரு தடவ உரசினா நூல் மாதிரி போயிடும்.

டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்ப எவ்ளோ இறுக்கமா விடணும்னு வைக்கிற திருகு, அந்த விஷயத்துலதான் பெரிய மீன் எல்லாம் தப்பிச்சு போகுது. மீன் மாட்டினதும் பதட்டத்துல எல்லாரும் டிராக்க திருகி டைட் பண்ணுவாங்க, அறுந்துடும். வீட்டுலயே செட் பண்ணிட்டு போங்க, நரம்போட பலத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும். 20 எல்பின்னா ஏறக்குறைய 9 கிலோ, அப்போ டிராக் 2லருந்து 3 கிலோ இழுப்புல நரம்பு விடணும். ஊருக்கு போகும்போது பெட்டி எடை பாக்குற கொக்கி தராசு இருக்குல்ல, அதுல நரம்ப கட்டி ராட வளச்சு இழுத்து பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

முடிச்சு ரெண்டே ரெண்டு கத்துக்கோங்க. முள்ளு கட்ட யூனி: நரம்ப முள்ளு காதுல விட்டு ஒரு சாண் வெளிய எடுத்து, அத திருப்பி மடிச்சு ஒரு வளையம் பண்ணி, முனைய அந்த வளையத்துக்குள்ள விட்டு ரெண்டு நரம்பையும் சேத்து 5, 6 தடவ சுத்தி, எச்சில் தடவி மெதுவா இழுக்கணும். எச்சில் கட்டாயம், காய்ஞ்ச நரம்ப இழுத்தா சூட்டுலயே பலம் போயிடும். பிரெய்டையும் லீடரையும் சேக்க அதே யூனிய ரெண்டு பக்கமும் எதிரெதிரா போட்டு இறுக்குங்க, பிரெய்டு பக்கம் 8 சுத்து, லீடர் பக்கம் 4 சுத்து. எஃப்ஜி முடிச்சு இத விட மெலிசா கைடுல (ராடுல நரம்பு போற வளையம்) சிக்காம போகும், ஆனா காத்துல கல்லு மேல நின்னு அத கட்ட முயற்சி பண்ணி கெட்ட வார்த்தை பேசாதவங்கள நான் இன்னும் பாக்கல. வீட்டுல டிவி பாத்துகிட்டே பழகுங்க.

எந்த மீனுக்கு என்ன

கிழங்கான்ல ஆரம்பிங்க, வெக்கப்படாதீங்க. வாய் சின்னது, 8 இல்லனா 10ம் நம்பர் முள்ளு (நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும், 1/0, 2/0ன்னு பக்கத்துல பூஜ்யம் வந்தா அப்போ பெருசாகும், கடையில குழம்பிடாதீங்க). 15 கிராம் ஓட்டை ஈயம் நரம்புல சும்மா ஓடுற மாதிரி, கீழ ஒரு ஸ்விவல் (சுழலுற இணைப்பு வளையம்), அதுலருந்து முழங்கை நீளத்துக்கு மெல்லிய நரம்பு, முள்ளு. இரைய போட்டுட்டு சும்மா நிக்காம மெதுவா இழுத்துட்டே வாங்க, ஈயம் மணல்ல உரசி புகை கிளப்பணும், அத பாத்துதான் அது வரும். கடி டக் டக்குன்னு ரெண்டு தடவ ராட் நுனியில தெரியும், அடிச்சு இழுக்க தேவையில்ல, லேசா தூக்கினா போதும். பயந்தா இந்த மீன் மணலுக்குள்ளயே புதைஞ்சுக்கும், அதனால தண்ணிக்குள்ள தொபுக்கு தொபுக்குன்னு நடக்காதீங்க.

மடவை மாவுக்கும் பிரெட்டுக்கும் வரும், தக்கை போட்டு, சின்ன முள்ளுல. மடவை கூட்டம் பதறி தண்ணிக்கு மேல தெறிச்சு ஓடுதுன்னா மடவைய விடுங்க, அத யாரோ துரத்துறாங்க, அங்க லூர வீசுங்க.

கொடுவாதான் எல்லாரும் கேக்குறது. 2 வழி இருக்கு. உயிர் இறால் இல்லனா விரல் நீள மடவை குஞ்ச முதுகு பக்கமா லேசா குத்தி, தக்கை போட்டு மொகத்துவாரத்துல தண்ணி போற போக்குல விடுறது ஒண்ணு. முள்ளு வளைஞ்ச சர்க்கிள் ஹூக் 3/0 போடுங்க, மீன் எடுத்ததும் வெடுக்குன்னு அடிக்காதீங்க, நரம்பு இறுகுற வரைக்கும் பொறுத்து ரீல சுத்தினா தானா உதட்டோரம் மாட்டும், அடிச்சா வாயிலருந்து உருவிட்டு வந்துடும். ரெண்டாவது வழி 10, 15 கிராம் ஜிக் ஹெட்ல (ஈயத் தலை வச்ச முள்ளு) ரப்பர் மீன். வீசுங்க, அடிய தொட விடுங்க, 2 சுத்து சுத்துங்க, நிறுத்துங்க, விழ விடுங்க. கொடுவா விழும்போதுதான் அடிக்கும். நம்ம ஆளுங்க வேகமா சுத்துறதுதான் பிரச்சனை, உங்களுக்கு போரடிக்கிற வேகம் எதுவோ அதுல பாதிதான் கொடுவா வேகம்.

போன ஜனவரில ஒரு சாயங்காலம், வத்தம் ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் இருக்கும். கல்லு ஓரமா நீவாடு சுழியுற இடத்துல ரப்பர் மீன் விழுந்துட்டு இருக்கும்போது நரம்பு ஒரு விநாடி தொய்ஞ்சுது, அவ்ளோதான், இழுப்பு கூட இல்ல. சந்தேகத்துல ராட தூக்கினேன், கல்லுல மாட்டின மாதிரி கனம், அப்புறம் அந்த கல்லு தலைய ஆட்டிச்சு. டிராக் கத்துது, மீன் தண்ணிக்கு மேல எகிறி வாய தொறந்து தலைய உதறுது, செவுள் படபடன்னு அடிக்கிற சத்தம் எனக்கு கேட்டுது. அது எகிறும்போது ராட தாழ்த்தணும், நரம்பு தளரக்கூடாது விறைக்கவும் கூடாது, அந்த பாடத்த அதுக்கு முன்னாடி 3 கொடுவாவ விட்டுதான் கத்துகிட்டேன். 7 நிமிஷம். கடைசியா கல்லுக்கு கீழ இறங்கி எடுக்க போனேன் பாருங்க, அதான் தப்பு, பின்னாடி நின்ன தம்பி ஒருத்தன் சட்டைய புடிச்சு இழுத்து "அண்ணா, அலை வரட்டும்ணா, அதுவே தூக்கி கொடுக்கும்"ன்னான். அடுத்த அலை ஏறும்போது மீன கூடவே கொண்டு வந்து, நீள கைப்பிடி வலையில ஏந்திட்டோம். 4 கிலோ. சந்தோஷத்துல செவுளுக்குள்ள விரல் விட்டு தூக்கினேன், செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும்னு அப்போதான் தெரிஞ்சுது, ரெண்டு விரல்லயும் ரத்தம். கீழ் தாடைய கிரிப்பரால புடிச்சு, வயித்துக்கு கீழ ஒரு கை கொடுத்து தூக்குங்க.

கொடுவா பத்தி இன்னொண்ணு, எல்லாம் ஆம்பளையா வளர்ந்து சில வருஷம் கழிச்சு பொம்பளையா மாறுற மீன் இது. அதாவது ரொம்ப பெருசா இருக்குறது எல்லாம் முட்டை போடுற தாய். அதனால 5 கிலோவுக்கு மேல போச்சுன்னா நான் போட்டோ எடுத்துட்டு விட்டுடுவேன், அந்த சைஸ்ல ருசியும் கம்மிதான். விடும்போது தூக்கி எறியாம, தலைய தண்ணி வர்ற பக்கம் காட்டி அது தானா உதறிட்டு போற வரைக்கும் புடிச்சுக்கோங்க.

பாறைக்கும் ஷீலாவுக்கும் நேர் எதிர், வேகம்தான். விடியக்காலைல வெளிச்சம் வர்ற முதல் அரை மணி நேரம், பாப்பர் (தண்ணி மேல தெறிச்சு வர்ற லூர்) இல்லனா 30 கிராம் மெட்டல் ஜிக் (உலோக லூர்), கை வலிக்கிற வேகத்துல சுத்துங்க. ஷீலாவுக்கு பல்லு இருக்கு, லீடர் சுத்தமா வெட்டின மாதிரி வந்துச்சுன்னா அதுதான், ஒரு சாண் ஸ்டீல் வயர் போட்டுக்கோங்க. செப்பிலி இருக்கே, கல்லு இடுக்குல இருந்து வெளிய வந்து அடிச்ச அதே வேகத்துல வீட்டுக்கு திரும்பிடும், அத மட்டும் டிராக் டைட்டா வச்சு முதல் 3 விநாடியில வெளிய இழுத்துடணும், உள்ள போயிட்டா உங்க லூர் அதுக்கு தோரணம்.

கல்லு இருக்குற இடத்துல ஈயம் போட்டு புடிக்கிறவங்க ஈயத்த மட்டும் மெலிசான பழைய நரம்புல கட்டுங்க. கல்லுல மாட்டினா ஈயம் மட்டும் அறுந்து போகும், மீதி வந்துடும். நிறைய பேரு மெக்கானிக் கடையில பழைய ஸ்பார்க் பிளக் வாங்கி ஈயத்துக்கு பதிலா கட்டுவாங்க, காசு மிச்சம்.

எதையெல்லாம் தொடக்கூடாது

ராத்திரி இறால் போட்டா கெளுத்தி வரும். முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மொத்தம் 3 முள்ளு, ரம்பம் மாதிரி பல்லு வச்சது, விஷமும் உண்டு. துணி போட்டும் புடிக்காதீங்க, பிளையர்ல தூண்டில் முள்ள கழட்டுங்க, முடியலன்னா நரம்ப வெட்டிடுங்க. ஓராவுக்கும் முள்ளுல விஷம். திருக்கை மணல்ல படுத்திருக்கும், தண்ணியில நடக்கும்போது கால தூக்கி வைக்காம தேச்சு தேச்சு நடந்தா அது முன்னாடியே விலகி போயிடும். இதுல எது குத்தினாலும், தாங்குற அளவு சூடான தண்ணியில குத்தின இடத்த அரை மணி நேரத்துக்கு மேல வச்சிருந்தா வலி அடங்கும், வெந்துடாம பாத்துக்கோங்க, அப்புறம் ஆஸ்பத்திரி, முள்ளு உள்ள உடைஞ்சிருக்கலாம். பேத்தை, தொட்டா பலூன் மாதிரி உப்புமே, அத சமைக்கவே கூடாது, அதோட விஷம் கொதிக்க வச்சாலும் போகாது.

இடி சத்தம் கேட்டா ராட கீழ வச்சுட்டு கரைக்கு போங்க, கார்பன் ராடு கரண்ட் கம்பி மாதிரிதான். கிளம்புறதுக்கு முன்னாடி ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ், அதாவது மத்திய அரசோட கடல் தகவல் மையம், போடுற அலை எச்சரிக்கைய ஒரு தடவ பாருங்க. தெற்க கன்னியாகுமரி பக்கம் கள்ளக்கடல்னு ஒண்ணு வரும், காத்தே இல்லாம, வானம் தெளிவா இருக்கும்போதே எங்கயோ தூரத்து புயல்ல கிளம்பின அலை வந்து ஏறும். 2024 மே மாசம் அந்த எச்சரிக்கை இருந்த நேரத்துலதான் கன்னியாகுமரி மாவட்டத்துல மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில போனாங்க.

எண்ணூர் கழிமுகத்துல புடிக்கிறத நான் சாப்பிடுறது இல்ல. அனல்மின் நிலைய சாம்பல், சுடுதண்ணி, 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட வந்த எண்ணெய், அந்த ஆறு பட்டது போதும். அங்க வலை போட்டு பொழைக்கிறவங்களுக்கு வேற வழி இல்ல, நமக்கு இருக்கு.

குப்பத்து ஆளுங்களோட

நமக்கு இது பொழுதுபோக்கு, அவங்களுக்கு சோறு. கரைவலை இழுக்குறாங்கன்னா தூண்டில எடுத்துட்டு ஓரமா நில்லுங்க, முடிஞ்சா கயித்துல ஒரு கை போடுங்க, அதுக்கப்புறம் எங்க மீன் நிக்குதுன்னு கேக்காமலே சொல்லுவாங்க. பழவேற்காட்டுல பாடுன்னு ஒரு முறை இருக்கு, எந்த ஆளு எந்த நாள்ல எந்த இடத்துல வலை கட்டணும்னு முறை போட்டு பிரிச்சுக்குவாங்க, சும்மா கிடக்குற தண்ணி மாதிரி தெரியும், கிடையாது. குச்சி நட்டு வலை கட்டின இடத்துக்கு கிட்ட லூர் வீசி வலையில மாட்டினா வலைய வெட்டாதீங்க, லூர விடுங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்கு கரையில மீன்பிடி தடை, அது விசைப்படகுக்கும் இழுவைப்படகுக்கும்தான், கரையில தூண்டில் போடுறவங்களுக்கு இல்ல. ஆனா துறைமுகம், கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கம் எல்லாம் நுழையாதீங்க. கடல் அட்டை, கடல் குதிரை எதாவது தூண்டில்லயோ வலையிலயோ வந்தா உடனே தண்ணியில விடுங்க, வச்சிருந்தாலே வனத்துறை கேஸ். ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரி ஆமை முட்டை போட கரைக்கு வரும், டார்ச்ச கடற்கரை பூரா அடிச்சுட்டு நடக்காதீங்க. அறுந்த நரம்ப மணல்ல போடாம சுருட்டி பாக்கெட்ல போட்டுக்கோங்க, காக்கா கால்ல சுத்தி பாத்திருக்கேன், பாக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும்

எவ்ளோ அலுப்பா இருந்தாலும் ரீல கழுவாம தூங்காதீங்க. டிராக்க முழுசா டைட் பண்ணிட்டு (இல்லனா உள்ள தண்ணி போகும்) குழாய் தண்ணிய மெதுவா மேல விட்டு கழுவுங்க, பீச்சி அடிச்சா உப்பு உள்ளதான் போகும், பக்கெட்ல முக்கவே கூடாது. துடைச்சு, டிராக்க லூஸ் பண்ணி, நிழல்ல காய வச்சு, கைப்பிடி மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய். ராட் கைடுகளையும் லூர் முள்ளுங்களையும் நல்ல தண்ணியில அலசுங்க. லீடர விரல் நடுவுல விட்டு உருவி பாருங்க, சொரசொரன்னு இருந்தா அந்த இடம் வரைக்கும் வெட்டிட்டு புதுசா கட்டுங்க.

புடிச்ச கிழங்கான புடிச்ச உடனே ஐஸ்ல போட்டிருக்கணும், வெறும் ஐஸ் கட்டியில இல்ல, ஐஸும் கடல் தண்ணியும் கலந்த கரைசல்ல, அப்போதான் சதை விறைப்பா இருக்கும். செதில் சுரண்டி, குடல் எடுத்து, ரெண்டு பக்கமும் கீறி, மிளகாத்தூள் மஞ்சத்தூள் உப்பு பூண்டு விழுது, கொஞ்சம் எலுமிச்சம்பழ சாறு, அரை மணி நேரம் ஊறட்டும். தோசக்கல்லு நல்லா காய்ஞ்சதும் போடுங்க, போட்டுட்டு கிளறாதீங்க, அடி முறுகினா அதுவே விட்டுக்கும்.